நாளைக்காரர் பூசிய தளம்

மருந்துக்கடை வாசல்படியில் காயாத பூச்சின் மேல் சின்ன மருமகள் செருப்புக் காலோடு ஏறிவிட்டாள். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த புதிது. மாமனாருக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தாள். குறுக்கே கயிறு கட்டியிருந்தது. யாரோ துணி காயப்போடுகிற கொடி என்று நினைத்துக் குனிந்து நுழைந்தாள். இரண்டாவது படியில் கால் வைத்தபோதுதான், மாவில் மிதித்ததுபோல அடியில் அழுந்தியது.

உள்ளிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"யாருய்யா அது மிதிச்சது?"

ஓரமாக உட்கார்ந்து ரோலரைக் கழுவிக்கொண்டிருந்த ஓர் ஆள் எழுந்தார். ஒரு கால் சற்றுக் குட்டை.

"நான்தாங்க. கயிறு கட்டினதை நானே மறந்துட்டேன்."

"உன் வேலைய நீயே மிதிப்பியா? கண்ணு எங்க போச்சு?"

"கண்ணு இங்கதாங்க இருந்துச்சு. காலுதான் போயிடுச்சு."

கடைக்காரர் திட்டி முடிக்கும்வரை தலையைக் குனிந்து நின்றார். பிறகு ரோலரை எடுத்து அவளுடைய செருப்புத் தடத்தை அழித்தார். அவள் பக்கம் திரும்பாமலேயே, "செருப்பைத் தொடைக்காதீங்கம்மா. தொடைச்சா பரவும். அப்படியே காயட்டும்" என்றார்.

செருப்பு காய்ந்தது. அதற்குப் பின் வார் அறுந்தது, தைத்தாள். மறுபடி அறுந்தது, மறுபடி தைத்தாள். கடைசியில் செருப்பைத் தூக்கிப் போட்ட நாளிலும் அடியில் ஒட்டிய பூச்சு அப்படியே இருந்தது. செய்த உதவியை அவள் மறக்கவில்லை. மறந்திருந்தாலும் செருப்பு ஞாபகப்படுத்தியிருக்கும்.

அந்த ரோலர்காரரை எல்லோரும் நாளைக்காரர் என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அது கடவுளுக்குத் தெரிந்திருந்தது, அவருக்குப் போதும்.

தேய்ந்துபோன கான்கிரீட் தரைக்கு ரோலரால் கெட்டிப் பூச்சு பூசுவது அவர் தொழில். தயிர்போலக் கெட்டியாக, மணல் கலந்து, வாளியில் வரும் பூச்சு அது. வெடிப்பையும் பள்ளத்தையும் மூடிப் பழைய தரைக்குப் புதுத்தோல் போர்த்திவிடும். வேலைக்குக் கூப்பிட்டால் நாளைக்காரர் உடனே வந்துவிடுவார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. வந்த பிறகு வேலையைத் தொடங்க மாட்டார் என்பதுதான் குறை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்துத் தரையில் விரிப்பார். நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுவார். "நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் வந்து தாளைத் தூக்கிப் பார்க்கும்போது அடியில் பொட்டுப்பொட்டாக நீர் கோத்திருந்தால், ஈரத் தரையில் பூச்சு பிடிக்காது என்று தாளை மறுபடி ஒட்டுவார்.

"தரைக்கு வேர்க்குதுங்க. நாளைக்குப் பாக்கலாம்."

"தரைக்கா வேர்க்குது? உன்னைக் கூப்பிட்டதுல எனக்குத்தான்யா வேர்க்குது" என்று ஒரு வீட்டுக்காரர் கத்தினார்.

"நீங்க தொடைச்சுக்கலாங்க. தரையால முடியாதே" என்றார் நாளைக்காரர்.

முன்பு அவர் உயரமான சுவர்களுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவர். ஒருமுறை கயிறு நழுவி, பலகையோடு கீழே வந்தார். கீழே யாரோ மணல் குவித்து வைத்திருந்தார்கள். உயிர் தப்பியது, கால் குட்டையானது. நடக்க முடிந்ததும் முதல் வேலையாக அந்த மணலைக் குவித்தவரைத் தேடிப் போய் நன்றி சொன்னார். அந்த மனிதர், மணல் சிதறியதற்காகத் திட்டி அனுப்பினார். அதற்குப் பிறகு நாளைக்காரர் தரையை விட்டு ஏறவில்லை. "தரையிலேர்ந்து யாரும் கீழ விழுந்ததில்ல" என்பார்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் அவர் நாளைக்குச் சொல்கிறேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்தாராம். மனைவியாக வந்த அந்த அம்மாள் உயிரோடு இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினார். "மறுநாள் வந்தேனா இல்லையா?" என்று இவர் கேட்பார். "வந்தீங்க. சாயங்காலமா வந்தீங்க" என்பார் அந்த அம்மாள். அவர் போன பிறகு நாளைக்காரர் தனி ஆள். ஒரே மகள் வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. வேலைக்கு எத்தனை வாளி வந்தாலும் எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் ஊற்றி, கட்டையால் அடிவரை கலக்கிவிட்டுத்தான் ரோலரைத் தொடுவார். ஒரே நிறம் என்று வாங்கினாலும் வாளிக்கு வாளி கொஞ்சம் மாறுமாம். தனித்தனியாகப் பூசினால் தரையில் திட்டுத்திட்டாகத் தெரியும். கலந்துவிட்டால் எது எந்த வாளி என்று யாருக்கும் தெரியாது.

இப்போது சின்ன மருமகளின் வீட்டுக்கு வருவோம்.

மாடியில் எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்றில் அண்ணன், மற்றதில் தம்பி. நடுவில் திறந்தவெளியாக ஒரு கான்கிரீட் தளம். இரண்டு அடுக்களைக் கதவுகளும் அதில்தான் திறக்கும். பக்கவாட்டில் மாடிப்படி வந்து சேரும். வெயிலிலும் மழையிலும் கிடந்து சிமெண்டெல்லாம் அரித்துப் போய், உள்ளிருந்த ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

அண்ணனும் தம்பியும் ஒற்றுமையானவர்கள். அவர்கள் மனைவிமார் இருவரும் வருடக்கணக்காகப் பேசுவதில்லை. வீடு துடைத்த தண்ணீரைச் சின்னவள் தளத்தில் ஊற்ற, அது ஓடிப்போய்ப் பெரியவள் வாசலில் தேங்க, பெரியவள் ஒரு வார்த்தை சொல்ல, சின்னவள் ஒரு வார்த்தை சொல்ல, அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தண்ணீர் அன்றே காய்ந்துவிட்டது.

ஆனால் ஒரே கொடி, ஒரே குழாய், ஒரே மாடிப்படி என்று இருக்கும்போது பேசாமல் எப்படிக் காலம் தள்ளுவது? அதற்கு மாமனார் இருந்தார். ஒரு மாதம் பெரியவள் வீடு, ஒரு மாதம் சின்னவள் வீடு என்று மாறி மாறி இருப்பார். எந்தப் பக்கம் இருந்தாலும் தூது போவது அவர் வேலை.

"மாமா, துணிக்கொடி ரொம்பத் தாழ்வா இருக்குன்னு அந்தப் பக்கம் சொல்லுங்க. வர்றப்பவும் போறப்பவும் தலையில இடிக்குது" என்பாள் சின்னவள்.

மாமனார் தளத்தைக் கடந்து போய், "சின்னவ நீ கட்டின கொடியப் பத்தி நல்லா சொன்னாம்மா. கொஞ்சம் தூக்கிக் கட்டினா இன்னும் நல்லா இருக்குமாம்" என்பார்.

பெரியவள் பதில் சொல்வாள். அதையும் வழியிலேயே கழுவித் துடைத்துக் கொண்டுவந்து இந்தப் பக்கம் கொடுப்பார். இப்படி ஒரு நாளைக்குப் பலமுறை அந்த ஜல்லியின் மேல் நடப்பார், வெறுங்காலோடு.

அதிகாலையில் அவர் வானத்தைப் பார்த்துப் பிரார்த்தனை செய்வதும் அந்தத் தளத்தில்தான். "கடவுள் முன்னால நிக்கிற எடத்துல செருப்புப் போட்டு நடக்க எனக்கு மனசு வரல" என்பார். பெரியவள் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். அது தெரியாமல் சின்னவளும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தாள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் புதுசாகவே இருந்தன.

மாமனாருக்குச் சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. ஒருநாள் ஒரு ஜல்லி உள்ளங்காலைக் கிழித்தது அவருக்கே தெரியவில்லை. தளத்தின் நடுவில் நின்று குனிந்து பார்த்து, "யாரோ செவப்பா மிதிச்சுட்டுப் போயிருக்காங்க" என்றார். தடம் அவர் காலில் வந்து முடிந்தது.

புண் ஆற மறுத்தது. மருத்துவர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இது ஆறுறதுக்குள்ள இன்னொரு தடவை கிழிச்சுதுன்னா விரலை எடுக்க வேண்டி வரும்" என்றார்.

மாமனார் தலையாட்டினார். "சரிங்க. எந்த விரலு?"

கூட வந்திருந்த சின்னவள்தான் வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றாள். அவளுக்குத் தகப்பன் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு 'சாப்பிட்டியாம்மா' என்று ஒருநாள் தவறாமல் கேட்கிற ஆள் இவர் ஒருவர்தான். செருப்புப் போட மாட்டார், நடக்காமலும் இருக்க மாட்டார். மாற்ற முடிந்தது தரையைத்தான். வீட்டுக்கு வந்து பழைய செருப்பின் அடியில் ஒட்டியிருந்த பூச்சை நினைத்துக்கொண்டாள்.

நாளைக்காரரைத் தேடிப் போனாள்.

"அண்ணே, எங்க பக்கத்துத் தளத்துக்குக் கோட்டிங் அடிக்கணும். சாம்பல் நிறம் போதும்."

"எங்க பக்கம்னா?"

"பாதி."

"பாதியில நிறுத்தினா நடு ஓரம் தூக்கும், தங்கச்சி. அது வழியாத் தண்ணி எறங்கும். அப்பறம் உங்க பாதியும் உரியும்."

"அந்தப் பக்கத்தப் பத்தி நான் பேச முடியாதுண்ணே. நான் வந்தத அவங்ககிட்ட சொல்லவும் வேண்டாம். மாமா காலு அறுபடக் கூடாது, அவ்வளவுதான்."

நாளைக்காரர் கொஞ்ச நேரம் தன் குட்டைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

அன்று சாயங்காலமே பெரியவளும் அவரைத் தேடிப் போனாள். இது சின்னவளுக்குத் தெரியாது. பாதித் தளம், செங்கல் நிறம், மாமா கால், சின்னவளிடம் சொல்லக் கூடாது. பெரியவளிடமும் நாளைக்குச் சொல்கிறேன் என்றார். மறுநாள் இருவரிடமும் சரி என்றார். இருவருக்கும் வாக்குக் கொடுத்தார், இருவரிடமும் காப்பாற்றினார். அப்படிப் பார்த்தால் அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

வந்து பிளாஸ்டிக் தாள் ஒட்டினார். தளம் வேர்த்தது. மறுநாளும் வேர்த்தது. பிறகு ஒருவழியாக வேர்ப்பது நின்றது. கம்பித் தூரிகையால் தேய்த்தார், சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார், உதிர்கிற ஜல்லியைத் தட்டி எடுத்து, பள்ளத்தைப் பட்டி வைத்து அடைத்தார், காய விட்டார். முழுத் தளத்தையும் சேர்த்துத்தான் செய்தார். தன் பாதி உரியாமல் இருப்பதற்காக அடுத்த பாதியையும் சும்மா செய்து கொடுக்கிறார் என்று சின்னவள் நினைத்தாள். பாவம், நல்ல மனுஷன் என்று தேநீர் கொடுத்தாள். எதிர்ப்பக்கத்தில் பெரியவளும் அதையே நினைத்து, அவளும் தேநீர் கொடுத்தாள். நாளைக்காரர் இரண்டையும் குடித்தார்.

பூச்சு அடிக்கிற நாள் வந்தது. அந்த மாதம் மாமனார் சின்னவள் வீட்டில். இரண்டு கதவையும் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கும்படி நாளைக்காரர் சொல்லிவிட்டார். திறந்தால் தூசி வந்து ஒட்டும். வாளிகள் மூடியோடு மாடிப்படி அடியில் வந்து இறங்கின. வெளியே ரோலர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஈரச் சாக்கை இழுப்பதுபோல மெதுவாக, நிறுத்தி நிறுத்தி.

சாயங்காலம் ரோலர் நின்றது. "தொறந்து பாக்கலாங்க. காலு மட்டும் வைக்காதீங்க" என்று படிப்பக்கமிருந்து குரல் வந்தது.

சின்னவள் கதவைத் திறந்தாள். அதே நேரத்தில் எதிர்க்கதவும் திறந்தது.

தளம் வழவழவென்று, ஒரு பள்ளமில்லாமல், சுவருக்குச் சுவர் ஒரே தோலாக இருந்தது. ஆனால் அது சாம்பலும் இல்லை, செங்கல்லும் இல்லை. மழை பெய்து ஓய்ந்த பிறகு தெருவோரம் தேங்கி நிற்கிற தண்ணீருக்கு ஒரு நிறம் உண்டே, அது.

"அண்ணே, இது என்ன நிறம்?" என்றாள் சின்னவள்.

"அதையேதான் நானும் கேக்குறேன்" என்றாள் எதிர்க்கதவிலிருந்து பெரியவள், நாளைக்காரரைப் பார்த்து.

நாளைக்காரர் படியில் நின்று ரோலரைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். "எல்லா வாளியையும் கலந்துதாங்க அடிப்பேன். வாளிக்கு வாளி நிறம் மாறும் பாருங்க."

"இது மாறுறதா? இது வேற நிறம்."

"ஆமாங்க. இந்தத் தடவ கொஞ்சம் அதிகமாவே மாறிடுச்சு."

"நான் செங்கல்லுதான கேட்டேன்?"

"கேட்டீங்க. அது அதுல இருக்கு."

"அப்ப நான் கேட்ட சாம்பலு?" என்றாள் சின்னவள்.

"அதுவும் இருக்கு."

இருவரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாளைக்காரர் டிரம்மைத் தூக்கிக்கொண்டார். "இது முதல் பூச்சுதாங்க. ரெண்டாவது பூச்சு நாளைக்கு. அதுக்கு எந்த நிறம்னு சொல்லுங்க, அதையே அடிச்சுடறேன். நிறம் ஒண்ணுதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு கால் ஏறி ஒரு கால் இறங்கிப் படிகளில் போய்விட்டார்.

தளம் ஈரமாகக் கிடந்தது. இந்தக் கதவில் ஒருத்தி, அந்தக் கதவில் ஒருத்தி.

பெரியவள் தொண்டையைச் செருமினாள். பழக்க தோஷத்தில், "மாமா, அங்க என்ன நிறம்னு கொஞ்சம் கேளுங்க" என்றாள்.

உள்ளே நாற்காலியில் இருந்த மாமனாருக்கும் அதே பழக்கம். கூப்பிட்டதும் எழுந்துவிட்டார். சின்னவள் திரும்புவதற்குள் வாசலைத் தாண்டிக் கட்டுப் போட்ட காலை ஈரத் தளத்தின் மேல் தூக்கிவிட்டார்.

"மாமா!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மாமனார் காலைத் தூக்கியபடி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். சின்னவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தாள்.

"ஈரமா இருக்கு மாமா. போக முடியாது."

"அப்ப அவளுக்கு யாரு சொல்றது?"

சின்னவள் வாசலுக்குத் திரும்பி வந்தாள். பெரியவள் அங்கேயே நின்றிருந்தாள், ஒரு கை நெஞ்சில் இருந்தது.

"பட்டுடுச்சா?" என்றாள் பெரியவள்.

"இல்லக்கா."

இந்த 'அக்கா' எங்கிருந்து வந்தது என்று சின்னவளுக்கே தெரியவில்லை. வந்துவிட்டது. திரும்ப எடுக்க முடியாது.

பெரியவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "செங்கல்லே அடிச்சுடலாம். அழுக்குத் தெரியாது. ரத்தம் பட்டாலும் தெரியாது. இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது, அன்னைக்குக் கழுவி விட்டதே நான்தான்."

சின்னவளுக்கு அது புதுச் செய்தி. அந்தத் தடத்தைக் கழுவியது தன் வீட்டுக்காரர் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியணும்க்கா. தெரிஞ்சாத்தான மருந்து போட முடியும்? காலு அறுபட்டா அவருக்கே தெரியாது. தரையப் பாத்துத்தான் நமக்குத் தெரியும். அதுக்குத்தான் சாம்பலு சொன்னேன்."

பெரியவள் குனிந்து தளத்தைப் பார்த்தாள்.

"இதுல தெரியுமா?"

சின்னவளும் குனிந்து பார்த்தாள். சேற்றுத் தண்ணீர் நிறம். அதில் ஒரு சிவப்புச் சொட்டை மனதில் வைத்துப் பார்த்தாள். கடவுளே, வேண்டாம் என்று அதை உடனே அழித்தாள்.

"தெரியும்க்கா."

"அப்ப இதுவே இருக்கட்டும். இன்னொரு தடவ கலக்கச் சொல்லு." பெரியவள் கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். "கொடி இன்னமும் இடிக்குதா?"

"நல்லா இருக்குன்னுதான நான் சொல்லி அனுப்பினதா மாமா சொல்லியிருப்பாரு?"

"நீ மெச்சிக்கிட்டதா சொன்னாரு."

"இடிக்குதுன்னு சொன்னேன்க்கா."

"அப்படின்னு அப்பவே நெனைச்சேன்" என்றாள் பெரியவள்.

உள்ளேயிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "நேராப் பேச ஆரம்பிச்சா எனக்கென்னம்மா வேலை?"

மறுநாள் நாளைக்காரர் வந்தார். இருவரும் ஒரே நிறத்தைச் சொன்னதில் அவர் ஆச்சரியப்பட்டதுபோலத் தெரியவில்லை. இரண்டாவது பூச்சும் அதே நிறத்தில் அடித்தார். காய்கிற வரையில் யாரும் தளத்தில் இறங்கவில்லை. பேசுவதெல்லாம் கதவுக்குக் கதவு நடந்தது. சில சமயம் சண்டையாகவும் நடந்தது. வருடக்கணக்கில் மாமனார் வழியில் கழுவி விட்டதையெல்லாம் இருவரும் இப்போதுதான் நேராகக் கேட்டார்கள். நல்லது கெட்டது எல்லாம் வந்தது. தளம் காய்ந்துகொண்டே இருந்தது.

காய்ந்த அன்று அதிகாலையில் மாமனார் கட்டுக் காலோடு தளத்தில் இறங்கினார். பாதத்தால் தடவித் தடவிப் பார்த்தார். வெகுநேரம் வானத்தைப் பார்த்து நின்றார். திரும்பி வந்து, "கடவுள் இந்த நிறத்துலயும் ஏதோ ஒண்ணு படைச்சிருப்பாரு. என்னன்னுதான் ஞாபகம் வரல" என்றார்.

புண் மெல்ல ஆறியது. எந்த விரலும் போகவில்லை.

அதற்குப் பிறகு நாளைக்காரர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஏறி வந்து தளத்தைப் பார்ப்பார். நிறத்தைச் சொல்லி அதட்டிக்கொண்டே இரண்டு பேரும் தேநீர் கொடுப்பார்கள். மாமனாரும் அவரும் படியில் உட்கார்ந்து ஆளுக்கொரு காலைப் பற்றிப் பேசுவார்கள். காலம் போனது. ஒரு பனிக்காலத்தில் மாமனார் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். இறந்தவரைக் குளிப்பாட்டியபோது பாதம் இரண்டும் வெட்டுக் காயம் ஒன்றில்லாமல் இருந்ததைச் சின்னவள் பார்த்தாள். பெரியவளும் பார்த்தாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. இந்த முறை பேசத் தேவையில்லை.

பிறகு நாளைக்காரரின் முழங்கால்களும் மடங்க மறுக்கத் தொடங்கின. மகள் வந்து வெளியூருக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. புறப்படுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை படியேறி வந்தார். ஏறுவதற்கு வெகுநேரம் ஆனது. மகள் கீழே பையோடு காத்திருந்தாள். பெரியவள் உள்ளே தேநீர் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் தளத்தின் ஓரங்களைக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டே வந்தார். தண்ணீர் போகும் மூலையில் நின்றார்.

சின்னவளுக்கு இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் இல்லை.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. அன்னைக்குத் தெரிஞ்சுதான கலந்தீங்க?"

நாளைக்காரர் மூலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இங்க கொஞ்சம் தூக்குது பாரு தங்கச்சி. மழைக்கு முன்னால பூசிடுங்க. இந்த நிறம் எந்தக் கடையிலயும் கெடைக்காது. நீ ஒரு டப்பா சாம்பல் வாங்கு, அக்காவ ஒரு டப்பா செங்கல் வாங்கச் சொல்லு. அடிவரைக்கும் கலக்கணும்."